வீட்டுக்குள் கடல்

கறம்பக்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஹாலில் மூன்றடி மீன் தொட்டி வைத்திருக்கிறாராம். கப்பி, மோலி, ஏஞ்சல் எல்லாம் வளர்த்துப் பார்த்தாகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு உட்கார்ந்து ‘மை ஆக்டோபஸ் டீச்சர்’ படத்தைப் பார்த்திருக்கிறார்கள். முடிந்ததும், பத்தாவது படிக்கும் மகள் கேட்டாளாம்: ‘‘அப்பா, நம்ம தொட்டியில ஒண்ணு வளக்கலாமா?’’ அப்பா ஒரு படி மேலே போய்விட்டார். ஆக்டோபஸுக்குத் துணையாக நாலு ஜெல்லி மீன். மேலே நீல லைட். ‘‘முடியுமா? அப்படியே படத்தைப் பற்றியும் நாலு வரி எழுதுங்களேன்’’ என்று முடித்திருக்கிறார்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மூன்றடித் தொட்டியில், இரண்டையும் சேர்த்து, முடியாது. தனித்தனியாக, ஏகப்பட்ட செலவு செய்து, உலகத்தில் சிலர் வளர்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால், அந்தப் படத்தைப் பார்த்த பிறகும் இந்த ஆசை எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 85 நிமிஷப் படத்தில் ஆக்டோபஸை யாரும் எங்கேயும் அடைத்து வைப்பதில்லை. ஓர் ஆள் கடலுக்குப் போகிறார், வீட்டுக்கு வருகிறார், மறுநாளும் போகிறார். அவ்வளவுதான் கதை. அதைப் பார்த்துவிட்டு நமக்கு, ‘இதை ஹாலில் வைத்தால் எப்படி இருக்கும்?’ என்று தோன்றுகிறது. கோளாறு நம்மிடம் இருக்கிறதா, படத்திலும் கொஞ்சம் இருக்கிறதா? அதைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தத் தொட்டியைப் பார்த்துவிடலாம்.

ஜெல்லி மீனிலிருந்து ஆரம்பிப்போம். பேரில்தான் மீன். எலும்பு, மூளை, இதயம், ரத்தம் ஒன்றும் கிடையாது. உடம்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். நம் கடற்கரைப் பக்கம் ‘சொறி’ என்பார்கள். மேலே பட்டவர்களுக்கு ஏன் அந்தப் பேர் என்று விளக்க வேண்டாம். ஐம்பது கோடி வருஷமாக இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓட்டிவிட்டது. கூட்டமாக வந்தால் கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடல்நீர் எடுக்கிற வழியையே அடைத்துத் தொல்லை கொடுக்கும். விஞ்ஞானிகள் இதற்காகவே உட்கார்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள்.

அணுமின் நிலையத்தைப் படுத்துகிற அதே பிராணி, உங்கள் வீட்டுத் தொட்டியின் மூலையில் மாட்டிக்கொண்டு செத்துப்போகும். அதற்கு நீந்தி முன்னேறத் தெரியாது என்று சொல்ல முடியாது. குடை மாதிரி விரிந்து சுருங்கிக் கொஞ்சம் நகரும். ஆனால் நீரோட்டம் இழுத்த இழுப்புக்குத்தான் போகும். கடலுக்கு மூலை கிடையாது, சுவர் கிடையாது. சதுரத் தொட்டியில் மூலையில் ஒதுங்கும், கண்ணாடியில் உரசும், கிழியும். ஃபில்டரின் வாய் உறிஞ்சினால் கேட்கவே வேண்டாம், கூழ்.

இதற்கு ஜெர்மன்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1960களில் வுல்ஃப் கிரேவ் என்கிற கடல் விஞ்ஞானி, மூலையே இல்லாமல் வட்டமாக, தண்ணீர் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும்படி ஒரு தொட்டி செய்தார். ‘க்ரைசல்’ என்று பேர். ஜெர்மன் மொழியில் க்ரைசல் என்றால் பம்பரம். கலிஃபோர்னியாவின் மான்டெரே பே மாதிரி பெரிய காட்சிசாலைகளில் நீங்கள் யூடியூபில் பார்த்து மயங்குகிற ஜெல்லி மீன்கள் எல்லாம் இந்தப் பம்பரத் தொட்டியின் வாரிசுகளில் மிதப்பவைதான். 2011-ல் சான் ஃபிரான்ஸிஸ்கோவில் ஒருத்தர் இதையே மேஜை மேல் வைக்கிற அளவுக்குச் சுருக்கி, இன்டர்நெட்டில் பணம் திரட்டினார். ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. அதாவது கறம்பக்குடிக்காரர் தனி ஆள் இல்லை. இந்த ஆசைக்கு உலகம் பூராவும் ஜனம் இருக்கிறது.

பம்பரத் தொட்டி வாங்கினாலும் சாப்பாடு? ஆர்ட்டீமியா என்று ஒரு பொடி இறால். அதன் முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டு, காற்று ஊதி, ஒரு நாள் காத்திருந்தால் பொரியும். அந்தக் குஞ்சுகளைத் தினமும் ஊட்ட வேண்டும். வேளாவேளைக்குச் சமைத்துப் போடுகிற மாமியார் மாதிரி பக்கத்திலேயே இருக்க வேண்டும். கல்யாணத்துக்கு வெளியூர் போனால் போச்சு.

ஆக, ஜெல்லி மீனுக்கு வேண்டியது மூலையில்லாத, கல்லில்லாத, வெறும் உருண்டைத் தண்ணீர். ஆக்டோபஸுக்கு நேர் எதிர். கல் வேண்டும், பொந்து வேண்டும், இடுக்கு வேண்டும். பலமான ஃபில்டர் வேண்டும், ஏனென்றால் அது தின்பதும் ஜாஸ்தி, கழிப்பதும் ஜாஸ்தி. இரண்டும் ஒரே தொட்டியில் என்பது, ஒரே அறையில் ஒருத்தருக்கு ஏஸியும் இன்னொருத்தருக்கு அடுப்பும் வைக்கிற கதை.

இப்போது கணக்கு. மூன்றடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 127 லிட்டர். சின்ன ரக ஆக்டோபஸுக்கே 200 லிட்டருக்குக் குறையக்கூடாது என்பது வளர்த்துப் பார்த்தவர்கள் சொல்லும் அளவு. சரி, பெரிய தொட்டியே வாங்குகிறீர்கள், 300 லிட்டர். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அப்படியானால் பத்தரைக் கிலோ உப்பு. சமையல் உப்பு கூடாது. கடலில் சோடியம் குளோரைடு மட்டுமா இருக்கிறது? மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் என்று ஒரு மருந்துக்கடையே இருக்கிறது. அதற்கென்று விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேண்டும். போர்வெல் தண்ணீரில் கரைக்கக் கூடாது, ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். வாரம் பதினைந்து சதவீதம் மாற்றினால் 45 லிட்டர், ஒன்றரைக் கிலோவுக்கு மேல் உப்பு. மே மாத வெயிலில் தொட்டியிலிருந்து தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கவனிக்காமல் விட்டால் உங்கள் பேய்க்கணவாய் மெதுவாக ஊறுகாய் ஆகிவிடும்.

பேய்க்கணவாய் என்றது ஆக்டோபஸைத்தான். நம் மீனவர்கள் வைத்த பேர். கணவாய்க்கு நம் மார்க்கெட்டில் இருக்கிற மரியாதை இதற்கு இல்லை. இங்கே பிடிபடுவதில் நிறைய, ஐஸ் பெட்டியில் ஏறி வெளிநாட்டுக்குப் போய்விடுகிறது. நல்ல பேர்தான். நினைத்த நேரத்தில் நிறம் மாறி, பாறையாகி, பாசியாகி, காணாமல் போகிற ஒன்றை வேறு எப்படிக் கூப்பிடுவது?

‘‘நேராகக் கடல் தண்ணீரையே கொண்டுவந்தால்?’’ என்று கேட்பீர்கள். கறம்பக்குடிக்குக் கடல் இல்லாவிட்டாலும் புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் கடல் உண்டு. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் எல்லாம் பாக் நீரிணைக் கரைதான். ஆனால் அது ஆழமில்லாத, கலங்கிய, சேற்றுக் கடல். கரையோரத் தண்ணீரை கேனில் பிடித்து வந்தால் கூடவே என்னென்ன வரும் என்று சொல்ல முடியாது. அழகுக்கு இரண்டு பவளப்பாறைத் துண்டு போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்க வேண்டாம். 2001-லிருந்து பவளமும் கடல் குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. வாசலில் வனத்துறை ஜீப் நிற்கும்.

அப்புறம் கரன்ட். மோட்டார் நின்றால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். வெந்நீர் மாதிரி சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைச்சல். 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் கரையேறியபோது உங்கள் பக்கத்தில் எத்தனை நாள் இருட்டில் இருந்தீர்கள் என்று உங்களுக்கே தெரியும். தென்னை மரங்கள் சாய்ந்து கிடக்க, குடிதண்ணீர் ஏற்றவே ஜெனரேட்டரை ஊர் ஊராக வாடகைக்குத் தேடிய நாட்கள். அந்த மாதிரி நாளில் ஆக்டோபஸுக்கு யார் காற்று ஊதுவது?

செலவும் சிரமமும் போகட்டும். பணம் இருக்கிறவர்கள் சமாளித்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் அந்தப் பிராணியேதான். மூன்று இதயம். ரத்தம் நீலம், காரணம் அதிலுள்ள செம்பு. வேடிக்கை என்னவென்றால், மீன் நோய்க்கு நாம் தொட்டியில் ஊற்றுகிற செம்பு கலந்த மருந்து இதற்கு விஷம். சுமார் ஐம்பது கோடி நரம்பு செல்கள், அதில் மூன்றில் இரண்டு பங்கு தலையில் இல்லை, கைகளில். எலும்பு இல்லை. உடம்பிலேயே கெட்டியான பெரிய உறுப்பு, கிளி மூக்கு மாதிரி ஓர் அலகு. அது நுழைகிற இடுக்கில் முழு உடம்பும் நுழைந்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை, மீன் தொட்டி பிறந்த கதை. கண்ணாடித் தொட்டியைக் கண்டுபிடித்தது கப்பி மீனுக்காக இல்லை. ஓர் ஆக்டோபஸுக்காக! ஜான் வீல்ப்ரூ பவர் என்று ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. செருப்புத் தைப்பவரின் மகள். பாரிஸில் தையல்காரியாக இருந்து, ஓர் ஆங்கிலேய வியாபாரியைக் கல்யாணம் செய்துகொண்டு சிசிலித் தீவின் மெஸ்ஸினாவுக்கு வந்தவர். அந்தக் கடலில் ஆர்கோநாட் என்று ஓடு சுமக்கிற ஒரு வகை ஆக்டோபஸ் உண்டு. அந்த ஓட்டை அது தானே செய்துகொள்கிறதா, இல்லை வேறு எதனிடமிருந்தாவது திருடுகிறதா என்று அந்தக் காலத்து விஞ்ஞானிகளுக்குள் பெரிய சண்டை. எல்லாரும் ஜாடியில் ஊறிய செத்த ஆர்கோநாட்டை வைத்துக்கொண்டு வாதாடினார்கள். இந்த அம்மாளுக்கு உயிரோடு பார்க்க வேண்டும் என்று தோன்றியது. 1832-ல் கண்ணாடித் தொட்டி செய்தார். ஓட்டை உடைத்துப் பார்த்தார்; அது தானே ஒட்டுப்போட்டுக்கொண்டது. திருட்டு இல்லை, சொந்தத் தயாரிப்பு. தீர்ப்பு முடிந்தது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று. அவர் வீட்டுக்குள் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்ததோடு நிற்கவில்லை. கூண்டுகள் செய்து கடலுக்குள்ளேயே இறக்கி, அங்கே வைத்தும் ஆராய்ந்தார். தொட்டியைக் கண்டுபிடித்த அம்மாளே தொட்டியைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போனார். அதற்கப்புறம் 1854-ல் ஃபிலிப் ஹென்றி காஸ் என்கிற ஆங்கிலேயர் ‘தி அக்வேரியம்’ என்று புத்தகம் போட, லண்டன் வரவேற்பறைகளில் எல்லாம் தொட்டி முளைத்தது. ஆராய்ச்சி அலங்காரமாகிவிட்டது. நம் ஹால்களில் இருப்பது அந்த இரண்டாவது பரம்பரை.

ஆக்டோபஸ் மட்டும் அலங்காரமாக உட்கார மறுத்துக்கொண்டே இருக்கிறது. 1959-ல் பீட்டர் ட்யூஸ் என்கிற விஞ்ஞானி இத்தாலியின் நேப்பிள்ஸில் மூன்று ஆக்டோபஸ்களுக்கு, நெம்புகோலை இழுத்தால் மீன் துண்டு என்று பழக்கினார். ஆல்பர்ட், பெர்ட்ரம் இருவரும் சமர்த்து. மூன்றாவது, சார்லஸ், நெம்புகோலை உடைத்தது, விளக்கைத் தண்ணீருக்குள் இழுத்தது, கிட்டே வந்தவர்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்சியது. விஞ்ஞானக் கட்டுரையில் இதையெல்லாம் சீரியஸாகப் பதிவு செய்திருக்கிறார் பாவம். 2008-ல் ஜெர்மனியில் கோபர்க் காட்சிசாலையில் ஓட்டோ என்கிற ஆக்டோபஸ், தொட்டிக்கு மேலிருந்த விளக்கைக் குறிவைத்துத் தண்ணீர் பீய்ச்சி ஃப்யூஸ் போக வைத்தது. நியூசிலாந்தின் நேப்பியர் நகரில் இங்க்கி, 2016-ல், மூடியில் விட்டிருந்த இடைவெளி வழியாக ஏறி, தரையில் ஊர்ந்து, ஐம்பது மீட்டர் வடிகால் குழாய் வழியாகக் கடலுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. இந்தச் செய்திகளை நாம் பேப்பரில் படித்துச் சிரிக்கிறோம். ஜெயிலிலிருந்து ஒருத்தன் தப்பித்தால் சிரிப்போமா? அவன் ஏன் உள்ளே இருந்தான் என்றுதான் முதலில் கேட்போம். பிரிட்டன் 2022-ல் போட்ட சட்டத்தில், வலியும் உணர்வும் உள்ள பிராணிகள் பட்டியலில் ஆக்டோபஸையும் கணவாயையும் சேர்த்திருக்கிறார்கள். முதுகெலும்பில்லாத பிராணிகளுக்கு இது அபூர்வ கௌரவம்.

தொட்டியில் வாழும் ஆக்டோபஸைப் பற்றிப் படிக்க வேண்டும் என்றால், ஸை மான்ட்கோமரி என்கிற அமெரிக்க எழுத்தாளரின் ‘தி ஸோல் ஆஃப் அன் ஆக்டோபஸ்’. 2015-ல் வந்தது. பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து அக்வேரியத்துக்கு வாராவாரம் போய், அங்கே இருந்த ராட்சத பசிஃபிக் ஆக்டோபஸ்களோடு கைகுலுக்கி (எட்டுக் கை!) பழகியதைப் பற்றிய புத்தகம். அதீனா, ஆக்டேவியா, காளி, கர்மா என்று நாலு பேர். ஆமாம், நம்ம காளிதான். கைகள் நிறைய இருப்பதால் வைத்த பேர்.

அந்தக் காளியின் கதைதான் புத்தகத்தின் உயிர். காட்சித் தொட்டியில் ஆக்டேவியா முட்டையிட்டு உட்கார்ந்திருக்கிறது. ஆண் துணையே இல்லாமல் இட்ட வெறும் முட்டைகள். பொரிக்கவே போவதில்லை. அது தெரியாமல் மாதக் கணக்கில் அவற்றைத் தடவித் தடவிக் காக்கிறது. அதனால் காளிக்கு இடமில்லை. வளர்கிற பெண்ணை ஒரு பீப்பாயில் போட்டு வைத்திருக்கிறார்கள். எல்லாரும் அவளிடம் பிரியமாக இருக்கிறார்கள், விளையாடுகிறார்கள். கடைசியில் ஒரு பெரிய தொட்டி தயாராகிறது. மாற்றுகிறார்கள். அன்று ராத்திரியே ஒரு சின்ன இடுக்கு வழியாக வெளியே வந்து, தரையில் கிடந்து, செத்துப்போகிறாள்.

மான்ட்கோமரி அழுகிறார். நாமும்தான். ஆனால் ஒரு வாசகனாக எனக்கு இங்கே ஒரு குறை உண்டு. ஆசிரியர் அந்தக் கேள்விக்குக் கிட்டே போய், தொட்டுவிட்டு, நகர்ந்துவிடுகிறார். புத்தகத்தின் தலைப்பிலேயே ‘ஆன்மா’ இருக்கிறது. ஆன்மா உள்ள ஒன்றைப் பீப்பாயில் வைக்கலாமா என்று இரண்டு பக்கம் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டாமா? காட்சிசாலை ஆக்டோபஸ்களைப் பார்த்துத்தான் ஜனங்கள் கடலை நேசிக்கிறார்கள் என்கிற வழக்கமான சமாதானம் அவருக்குப் போதுமானதாக இருக்கிறது. பாராட்ட வேண்டிய விஷயம், மறைக்காமல் எழுதியிருக்கிறார். பீப்பாயும் இருக்கிறது, இடுக்கும் இருக்கிறது. நாமே தீர்ப்பு எழுதிக்கொள்ளலாம். உலகத்தின் கெட்டிக்கார ஆட்கள், முழுநேர வேலையாக, லட்சக்கணக்கில் செலவு செய்து பார்த்துக்கொண்டும் அந்த இடுக்கை விட்டுவிட்டார்கள். மூன்றடித் தொட்டியின் தகர மூடியை நம்பி எவ்வளவு தூரம் போவது?

இனி படம். நெட்ஃப்ளிக்ஸ் 2020 செப்டம்பரில் வெளியிட்டது. பிப்பா எர்லிக், ஜேம்ஸ் ரீட் இருவரும் டைரக்டர்கள். 2021-ல் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர். கிரெய்க் ஃபாஸ்டர் என்கிற தென்னாப்பிரிக்கப் படக்காரர், வேலை செய்து செய்து வெறுத்துப்போய், கேமராவைத் தொடவே பிடிக்காமல் இருக்கிறார். கேப் டவுன் பக்கம் ஃபால்ஸ் பே என்கிற குளிர்ந்த கடலில், பனைமரம் மாதிரி உயர்ந்த பாசிக்காட்டுக்குள், தினமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்க ஆரம்பிக்கிறார். ஆக்ஸிஜன் சிலிண்டர் கிடையாது. ஒரு நாள், சிப்பிகளை எல்லாம் அள்ளி மேலே போர்த்திக்கொண்டு உருண்டையாக உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் ஆக்டோபஸைப் பார்க்கிறார். ‘தினமும் இங்கேயே வந்தால் என்ன?’ என்று தோன்றுகிறது. வருகிறார்.

படத்தின் ஆரம்பத்தில் ஒரு காட்சி. ஃபாஸ்டர் தன் சிறு வயது வீட்டைப் பற்றிச் சொல்கிறார். கடல் ஏறுகிற மட்டத்துக்கும் கீழே கட்டிய வீடு. புயல் அடித்தால் கதவை உடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே வந்துவிடுமாம். வீட்டுக்குள் கடல் வருவது என்றால் அசலில் அப்படித்தான். 127 லிட்டரில் அடங்காது.

படத்தில் எனக்குப் பிடிக்காதவற்றைச் சொல்லிவிடுகிறேன். இசை. ஆக்டோபஸ் ஒரு கையை நீட்டினால் போதும், வயலின்கள் அழ ஆரம்பித்துவிடுகின்றன. அந்தக் கை நீளும் கணத்தில் மூச்சுக் குமிழிச் சத்தம் மட்டும் போதாதா? இரண்டாவது, தனிமை. ஓர் ஆளும் ஓர் ஆக்டோபஸும் மட்டுமே இருக்கிற உலகம் என்று படம் நம்மை நம்ப வைக்கிறது. ஆனால் சில காட்சிகளில் அவரும் அதுவும் சேர்ந்து தெரிகிறார்கள். அப்படியானால் எதிரே இன்னொரு கேமரா, அதற்குப் பின்னால் இன்னொரு ஆள். ராஜர் ஹாரக்ஸ் என்கிற ஒளிப்பதிவாளரின் பெயர் டைட்டிலில் வருகிறது, கதையில் வருவதில்லை. இது சின்ன விஷயம் இல்லை. ‘நானும் அதுவும் மட்டும்’ என்கிற மயக்கத்திலிருந்துதான் ‘எனக்கே எனக்காக ஒன்று’ என்கிற ஆசை பிறக்கிறது. காதல் படம் பார்த்துவிட்டு வருகிறவன் பக்கத்து வீட்டு மாடியைப் பார்க்கிற மாதிரி. கறம்பக்குடிப் பெண் கேட்ட கேள்வியில் படத்துக்கு இருக்கிற பங்கு இதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்காகப் படத்தின் மேல் பழியைப் போட்டுவிடவும் முடியாது. ‘ஃபைண்டிங் நீமோ’வைப் பார்த்து உலகமே கோமாளி மீன் வாங்கியது என்று ரொம்ப நாளாக ஒரு பேச்சு. ‘ஃபைண்டிங் டோரி’ வந்த பிறகு ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் இறக்குமதிக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். படத்தால் வியாபாரம் எகிறியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆசைப்படுகிறவர்கள் எல்லாம் வாங்கிவிடுவதில்லை. நம் வாசகர்கூட வாங்குவதற்கு முன் கடிதம்தானே போட்டிருக்கிறார்!

பிடித்த இடங்களுக்கு வருகிறேன். ஒரு நாள் ஃபாஸ்டர் கை தவறி கேமரா லென்ஸைக் கீழே போட்டுவிடுகிறார். ஆக்டோபஸ் மிரண்டு, பொந்தைக் காலி செய்துவிட்டுப் போய்விடுகிறது. அடுத்த பல நாள் அவர் அதைத் தேடுகிறார். 2000-ல் தன் சகோதரரோடு சேர்ந்து ‘தி கிரேட் டான்ஸ்’ என்று ஒரு படம் எடுத்தவர் அவர். கலஹாரி பாலைவனத்தில் மணலில் கிடக்கும் தடத்தைப் படித்தே மானைத் துரத்துகிற வேட்டைக்காரர்களைப் பற்றிய படம். அந்தப் படிப்பைக் கடலுக்கடியில் முயற்சி செய்கிறார். ஓடு எங்கே சிதறியிருக்கிறது, மணல் எங்கே புதிதாகக் கிளறியிருக்கிறது, எதை எது தின்றது... ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள். காலையில் மறுபடி தண்ணீர். கடைசியில் கண்டுபிடித்துவிடுகிறார். இந்தப் பகுதியில் வயலின் குறைவு, விஷயம் நிறைவு. ஒரு பிராணியைத் தெரிந்துகொள்வது என்றால் அது என்ன தின்றது, எங்கே பயந்தது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் என்று படம் வாயால் சொல்லாமல் காட்டுகிற இடம். தொட்டிக்குள் இருக்கும் ஆக்டோபஸிடம் இந்தப் படிப்புக்கு வழியே இல்லை. அது தின்றது நாம் போட்டது. அது பயப்படுவது நம்மைப் பார்த்து.

அப்புறம் அந்தச் சுறா. பைஜாமா சுறா என்று பேர், உடம்பெல்லாம் கோடு. முதல் தடவை ஆக்டோபஸின் ஒரு கையைப் பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது. ஃபாஸ்டர் தலையிடுவதில்லை. நம் தியேட்டராக இருந்தால், ‘‘யோவ், காப்பாத்துய்யா!’’ என்று விசில் பறந்திருக்கும். வெளிறிப்போய்ப் பொந்துக்குள் கிடக்கிறது. வாரங்கள் போகின்றன. பொடிசாக ஒரு புதுக் கை முளைக்கிறது! இரண்டாவது தடவை சுறா வரும்போது நம்ம ஆள் தேறிவிட்டது. சிப்பிகளைப் போர்த்திக்கொள்கிறது, நழுவுகிறது, கடைசியில் சுறாவின் முதுகிலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அது கடிக்க முடியாத ஒரே இடம் அதன் முதுகுதான்! மகளோடு மறுபடி பார்ப்பதானால் இந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சுறா இல்லாத தொட்டியில் இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு வேலையே கிடையாது. அங்கே அது ஃப்யூஸைத்தான் பிடுங்கும்.

இன்னொரு விஷயம் அந்தப் பெண்ணிடம் சொல்லியாக வேண்டும். சின்ன ரக ஆக்டோபஸின் மொத்த ஆயுசே ஒன்றிரண்டு வருஷம். வளர்ந்ததைப் பிடித்துத்தான் விற்பார்கள். நீங்கள் வாங்குகிற நாளில் அதற்கு எத்தனை மாதம் மிச்சம் என்று விற்கிறவருக்கும் தெரியாது. பெண்ணாக இருந்தால், முட்டையிட்ட பிறகு சாப்பாட்டைத் தொடாது. முட்டைகளுக்குக் காவல் இருந்தே கரைந்துபோகும். நோய் இல்லை, மருந்தும் இல்லை. அதன் உடம்பில் எழுதியிருப்பது அப்படி. ஃபாஸ்டர் ஏறக்குறைய ஒரு வருஷம் தினமும் போனார். அந்த ஒரு வருஷம்தான் அதற்கு முழு ஜன்மம்.

கடைசிப் பகுதியில் அது முட்டையிடுகிறது. நாளுக்கு நாள் வெளுத்து, சுருங்குகிறது. குஞ்சுகள் பொரிந்த பிறகு பொந்துக்கு வெளியே கிடக்கிறது. சின்ன மீன்கள் கொத்துகின்றன. ஒரு சுறா வந்து அதைக் கவ்விக்கொண்டு பாசிக்காட்டின் மங்கலுக்குள் போய்விடுகிறது. ஃபாஸ்டர் இப்போதும் தலையிடுவதில்லை. அதற்கப்புறமும் படம் சில நிமிஷம் ஓடுகிறது. மகனோடு கடலுக்குப் போகிறார், விரல் நுனி அளவுக்கு ஒரு குட்டி ஆக்டோபஸைப் பார்க்கிறார்கள், இது அதனுடைய குழந்தையாக இருக்குமோ என்று யோசிக்கிறார்கள், வயலின்கள் திரும்பி வருகின்றன. எடிட்டர் அந்தச் சுறாவோடு கத்திரி போட்டிருக்கலாம்.